வாய் அடைத்தால்தான் மாவு படியும்

நேயர்களுக்கு வணக்கம். சேலம், ஆத்தூர் பக்கத்து ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகளைப் பார்த்தவர்களுக்கு நான் பேசப்போவது பாதி தெரிந்த சங்கதிதான். மரவள்ளி என்கிற குச்சிக்கிழங்கைக் கழுவி, தோலுரித்து, அரைத்து, பாலைச் சல்லடையில் வடித்துத் தொட்டிக்கு விடுகிறார்கள். ஓரிடத்தில் வெளியே வருவது அடுத்த இடத்துக்குள் போகிறது. கம்ப்யூட்டரில் இதைத்தான் பைப் என்கிறோம். தோட்டத்து ஹோஸ் குழாயை இணைப்பது போல ப்ரோக்ராம்களை இணைக்க வழி வேண்டும் என்று 1964இல் பெல் ஆய்வகத்தில் டக் மெக்கில்ராய் எழுதி வைத்தார். 1973இல் கென் தாம்சன் அதை யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தில் செய்து காட்டினார். இரண்டு கமாண்டுகளுக்கு நடுவே நாம் போடும் நெட்டுக்கோடு அதன் பிறகு வந்ததுதான்.

கமாண்டோடு கமாண்டைக் கோப்பது சுலபம். நாம் எழுதிய ப்ரோக்ராம் ஒரு கமாண்டிடம் தகவலைக் கொடுத்து, பதிலையும் வாங்க வேண்டும் என்றால்தான் தலைவலி. சி மொழியில் கமாண்டை ஓட்டிப் பைப்பால் இணைக்கும் பிஓப்பன் (popen) வழக்கமாக ஒருவழிப் பாதை. கொடுக்கலாம் அல்லது வாங்கலாம். இரண்டும் வேண்டுமானால் இரண்டு பைப் போட்டு, ஃபோர்க் செய்து, அதாவது ஓடும் ப்ரோக்ராமை இரண்டாகப் பிரதியெடுத்து, நாமேதான் இணைக்க வேண்டும்.

ஓர் ஆலைக்கு அப்படி எழுதிக் கொடுத்தேன். கிழங்கு லோடுகளின் எடையையும், மாவுச்சத்தைக் குறிக்கும் பாயிண்டையும் சார்ட் (sort) கமாண்டுக்கு அனுப்பி, வரிசைப்படுத்தி வாங்க வேண்டும். ஓட்டினேன்; அப்படியே நின்றுவிட்டது. ஒரு மணி நேரம் திரையையே வெறித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற மேஸ்திரி என்ன சிக்கல் என்று கேட்டார். சொன்னேன். “பால் வர்ற வாயை அடைச்சாத்தானே தம்பி மாவு படியும்?” என்றார்.

அதேதான். கடைசி வரியில் வருவதே முதலிடத்துக்குரியதாக இருக்கலாம். அதனால் எல்லாம் வந்து முடியும்வரை சார்ட் வாயைத் திறக்காது. பைப்புக்கு எழுதும் முனை, படிக்கும் முனை என்று இரண்டு உண்டு. எழுதும் முனை மூடினால்தான் முடிந்ததென்று அதற்குத் தெரியும். நான் என் முனையை மூடினேன். அப்போதும் நகரவில்லை! ஃபோர்க் செய்யும்போது முனைகளுக்கு இன்னொரு பிரதி உண்டாகிறது. சார்ட்டின் கையிலேயே எழுதும் முனை ஒன்று இருந்தது. அதைத் தானே பிடித்துக்கொண்டு, யாரோ இன்னும் எழுதுவார்கள் என்று காத்துக் கிடந்தது. கமாண்டை எழுப்பும் முன் அந்தப் பிரதியையும் மூடினேன். பட்டியல் வந்து விழுந்தது.

வரிக்கு வரி பதில் தரும் கமாண்டில் வேறு சிக்கல். லினக்ஸில் ஒரு பைப் சாதாரணமாக 65,536 பைட் வரை தாங்கும். நாம் பதிலை வாங்காமல் எழுதிக்கொண்டே போனால் அதன் வெளிக்குழாய் நிரம்பி அது நிற்கும். பிறகு நம் குழாயும் நிரம்பி நாமும் நிற்போம். எந்தக் குழாய் தயார் என்று சொல்லும் ‘போல்’ (poll) என்ற அழைப்பை வைத்து இரு பக்கமும் மாறிமாறிக் கவனிக்கலாம். நான் சோம்பேறி. பெரிய பட்டியலைத் தற்காலிகக் கோப்பில் எழுதி, அதையே கமாண்டுக்குக் கொடுத்து, பதிலை மட்டும் பைப்பில் வாங்கிக்கொள்கிறேன். ஆலையில் இன்றுவரை அப்படித்தான் ஓடுகிறது.