429 கோடிக்குள் ஒளிந்திருந்த 641

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு ஒரே ஒரு எண்தான். போர்டில் பெரிதாக எழுதியிருக்கிறேன் பாருங்கள்: 4294967297. அதாவது 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. 2-இன் 32-ஆம் அடுக்கோடு 1 கூட்டினால் இது வரும்.

இதைப் பிரபலமாக்கியவர் பிரான்ஸின் ஃபெர்மா. தொழில் சட்டம், ஆசை கணக்கு. அவர் ஒரு வரிசை பிடித்தார்: 3, 5, 17, 257, 65537. எதிலிருந்தும் 1 கழியுங்கள், வந்ததை வர்க்கப்படுத்துங்கள், மறுபடி 1 கூட்டுங்கள், அடுத்தது வந்துவிடும். ஐந்துமே பகா எண்கள். இப்படியே போனால் எல்லாமே பகா எண்தான் என்று 1640-இல் கடிதம் எழுதினார். நிரூபணம் கையில் இல்லை என்றும் அதிலேயே சொல்லிவிட்டார், நல்ல மனுஷன்.

ஆறாவது நம்ம எண். 1732-இல் கணித மேதை ஆய்லர் அதை உடைத்தார்: 641 × 6700417.

2, 3, 5 என்று வரிசையாக வகுத்துப் பார்த்தால் 641 வருவது 116-ஆவது இடத்தில். ஆனால் இந்த எண்ணை வகுக்கும் பகா எண் எதுவானாலும் அதை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தே ஆக வேண்டும். ஆய்லர் பின்னால் காட்டிய வழி இது. அப்படிச் சலித்தால் 193, 257, 449, 577, அப்புறம் 641. ஐந்தாவதிலேயே மாட்டிக்கொண்டது! இதற்கு அடிப்படை ஃபெர்மாவின் சொந்தத் தேற்றம், அதுவும் அதே 1640-இல் எழுதியது. எனக்கு இதுதான் மனசு ஆறவில்லை.

சரி, 641 வகுக்கும் என்பதைப் பெரிய பெருக்கலே இல்லாமல் பார்த்துவிடலாம். பேப்பர் எடுத்துக்கொள்ளுங்கள்.

641 என்பது 640 + 1. 640 என்பது 5 × 128, அதாவது 5 × 2⁷. ஆக 5 × 2⁷ என்பது 641-க்கு ஒன்று குறைவு, அதனால் அதை 641-ஆல் வகுத்தால் மீதி −1 என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் நான்காம் அடுக்கு போடுங்கள்: 5⁴ × 2²⁸-க்கு மீதி 1.

இப்போது 641-ஐ வேறு மாதிரி உடையுங்கள்: 625 + 16. அதாவது 5⁴ + 2⁴. அதனால் 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ போடலாம். போட்டால் என்ன ஆகிறது? −2³²-க்கு மீதி 1. அப்படியென்றால் 2³² + 1-க்கு மீதி பூஜ்யம். அவ்வளவுதான், முடிந்தது! எனக்கு இந்த 625 + 16 வரும் இடம் ஒவ்வொரு தடவையும் ஜிவ்வென்று இருக்கும்.

அந்த 65537-ஐ விட்டுவிடாதீர்கள், இணையத்தில் தகவலைப் பூட்டிவைக்கும் ஆர்எஸ்ஏ (RSA) குறியாக்கத்தில் இன்றைக்கும் அதற்கு நல்ல வேலை இருக்கிறது. அதற்கு மேல் இந்த வரிசையில் ஒரு பகா எண்கூட இதுவரை அகப்படவில்லை.

ஏழாவது எண் 18446744073709551617. 274177 இதை மீதியில்லாமல் வகுக்கும். போன் கால்குலேட்டர் கடைசி இலக்கங்களை விழுங்கிவிடலாம், அதனால் கையாலேயே வகுத்து ஈவை கமெண்டில் போடுங்கள்.