ஓடு ஒன்று 22 ரூபாய்! ஆரணி பக்கத்துச் சுண்ணாம்புக் கோயில் | வேலூர் வ்லாக்

வணக்கம் மக்களே. இன்றைக்குக் கோபமும் இருக்கிறது, சந்தோஷமும் இருக்கிறது. கோபத்தை முதலில் கொட்டிவிடுகிறேன், இல்லையென்றால் கூரை ஓட்டு விஷயத்தை நிம்மதியாகச் சொல்ல முடியாது.

போன மழைக்கால வீடியோவில் ஆற்காடு பக்கம் ஒரு சின்ன கோயில், கிறிஸ்தவ தேவாலயம்தான், காட்டினேன், ஞாபகம் இருக்கிறதா? வேப்பமரத்தடியில், தடிச் சுவரோடு, உள்ளே போனால் மே மாதத்திலும் ஜிலுஜிலு என்று இருக்குமே, அதேதான். அதன் சுவர் முழுக்க, உள்ளேயும் வெளியேயும், சிமெண்ட் பூசிவிட்டார்கள். மேலே ஒரு எனாமல் பெயிண்ட், பளபளப்பான பிங்க். உள்ளே பி.வி.சி. சீலிங். அந்தத் தேக்கு உத்தரங்களை எவ்வளவு நேரம் நின்று படம் எடுத்தேன்! இப்போது ஒன்றுகூடத் தெரியவில்லை. எனக்கு பி.வி.சி. சீலிங் என்றாலே ஆகாது, அது உங்களுக்குத் தெரியும். ஆனால் சீலிங்கை நாளைக்கே கழற்றிவிடலாம். சிமெண்டைக் கழற்ற முடியாது, கழற்றினால் செங்கல்லும் சேர்ந்து வரும். என் கோபம் அதில்தான்.

பழைய வீடியோக்களில் சொன்னதுதான், புதிதாகப் பார்க்கிறவர்களுக்காகத் திரும்பச் சொல்கிறேன். நம் பக்கத்துப் பழைய கோயில்களெல்லாம் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டினவை. அடித்தளத்தில் ஈரத்தைத் தடுக்க எதுவும் போட்டிருக்க மாட்டார்கள். மழைக்காலத்தில் மண்ணிலிருந்து ஓதம் சுவரில் ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும், வெயில் வந்ததும் சுவர் காய்ந்துவிடும். சிமெண்ட் விடாது. அதற்கு மேல் எனாமல் பெயிண்ட் வேறு. பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி வைத்த கீரை மாதிரி ஆகிவிடும் சுவர். ஈரத்தோடு வந்த உப்பு உள்ளேயே தங்கி, செங்கல்லைப் பொடிப்பொடியாக அரிக்கும். வெளியே பார்த்தால் பிங்க் கலரில் பளபள என்று இருக்கும்.

நான் போனபோது வேலை முடிந்து ஒரு மழைகூட முழுசாகத் தாண்டவில்லை. வடக்குச் சுவரில் முட்டி உயரத்தில் விரல் கணுவால் தட்டிப் பார்த்தேன். டொக் டொக். பூச்சுக்குப் பின்னால் பொக்கை. ஜன்னல் ஓரம் ஒரு விரிசல், அதிலிருந்து செங்கல் தூள் சிவப்பாகக் கொட்டுகிறது. கீழே தரையில் ஒரு சின்னக் குவியலே இருந்தது. கிட்டே வைத்து எடுத்த கிளிப்பை இப்போது போடுகிறேன், பாருங்கள்.

கமிட்டிக்காரர்கள் கெட்டவர்கள் கிடையாது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பதில்லை, நாள் பிடிக்கும், கிறிஸ்துமஸுக்குள் முடிக்க வேண்டும் என்றார்கள். இது எல்லா ஊரிலும் சொல்கிற காரணம்தான், எனக்கும் புரிகிறது. ஆனால் நூறு வருஷம் நின்ற சுவருக்கு இன்னும் கொஞ்ச நாள் கொடுத்திருக்கலாம். அந்த ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன், கேட்காதீர்கள்.

சரி, சந்தோஷத்துக்கு வருகிறேன்.

ஆரணி பக்கம் ஒரு கிராமம். இதற்கும் இப்போது பெயர் சொல்ல முடியாது. வேலை நடக்கிறது, முடிகிற வரைக்கும் வேடிக்கை பார்க்கக் கூட்டம் வேண்டாம் என்று ஆயர் கேட்டுக்கொண்டார். முடிந்ததும் தனி வீடியோ கண்டிப்பாக உண்டு. சின்ன சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கோயில், மங்களூர் ஓட்டுக் கூரை, முன்னால் ஒரு மணி. ஆற்காடு மிஷன் வழியில் வந்த சபை. ஸ்கடர் சகோதரர்கள் 1853-ல் ஆரம்பித்த அமெரிக்க மிஷன் அது. வேலூர், ஆரணி, சித்தூர், ராணிப்பேட்டை என்று இந்தப் பக்கம் பூரா பள்ளிக்கூடமும் கோயிலுமாகப் பரவினார்கள். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியை ஆரம்பித்த ஐடா ஸ்கடர் அம்மாவும் அதே குடும்பம்தான், 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது இந்தச் சபைகளும் அதில் சேர்ந்தன. பெரிய ஆஸ்பத்திரியையும் காலேஜையும் எல்லாரும் படம் எடுக்கிறார்கள். அதே கையால் கட்டின கிராமத்துக் கோயில்களைத்தான் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதனால்தான் நான் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு சுற்றுகிறேன்.

இந்தச் சபை என்ன செய்திருக்கிறது தெரியுமா? சிமெண்ட் வேண்டாம் என்று தீர்மானம் போட்டிருக்கிறது! திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து ஒரு வயசான கொத்தனாரைத் தேடிப் பிடித்துக் கூட்டி வந்திருக்கிறார்கள். தொட்டியில் சுண்ணாம்பைத் தாளித்து, அதாவது தண்ணீர் விட்டு நீற்றி, ஆறப் போட்டிருக்கிறார். பக்கத்தில் ஒரு டிரம்மில் கடுக்காயும் வெல்லமும் ஊறுகிறது, கிட்டே போனால் புளிச்ச வாசனை தூக்கும், எனக்கு அந்த வாசனை ரொம்பப் பிடிக்கும். அந்தத் தண்ணீரை ஊற்றிச் சுண்ணாம்பையும் மணலையும் அரைக்கிறார்கள். பூச்சுக் கரணையில் கொஞ்சம் வழித்து எடுத்துக் காட்டினார், கவிழ்த்துப் பிடித்தாலும் விழவில்லை. "இதுதான்மா பதம்" என்றார். பூசின பிறகு சுவர் முழுக்க ஈரச் சாக்கு தொங்கவிட்டிருக்கிறார்கள். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்து மெதுவாகத்தான் இறுகும், நம் வேலூர் வெயிலில் சட்டென்று காய்ந்தால் வெடித்துவிடும். வாலிபர் சங்கப் பிள்ளைகள் முறை வைத்துத் தண்ணீர் தெளிக்கிறார்கள்.

பணம் எங்கேயிருந்து என்று சொல்லவில்லையே. அறுப்பின் பண்டிகை ஏலம்! சபையார் காணிக்கையாகக் கொண்டுவருகிறதை ஏலம் விடுவார்கள். ஒரு பூசணிக்காய் 4,000 ரூபாய்க்குப் போயிருக்கிறது. சேவல் அதற்கும் மேலே. சென்னையில் வேலை செய்கிற பிள்ளைகள் போட்டி போட்டு எடுத்திருக்கிறார்கள். அதற்கு மேல் அரசாங்க உதவியும் கேட்டு எழுதப் போகிறார்கள். தேவாலயங்களைப் பழுதுபார்க்கத் தமிழக அரசு நிதி கொடுக்கிறது, கட்டடத்தின் வயசைப் பொறுத்துத் தொகை கூடும். உங்கள் ஊர்ச் சபைக்கும் வேண்டுமென்றால் கலெக்டர் ஆபீஸில் சிறுபான்மையினர் நலப் பிரிவில் விசாரியுங்கள்.

இப்போது ஓடு. இதைச் சொல்லத்தான் கேமராவையே ஆன் செய்தேன்.

குரங்குத் தொல்லையில் கூரையில் ஓடு நிறைய உடைந்துபோச்சு. புது ஓடு வாங்கினால் பழைய ஓட்டோடு பல் பொருந்தாது, இடுக்கில் தண்ணீர் இறங்கும். அதே அச்சில் பழைய ஓடுதான் வேண்டும், 180. நான் தேடித் தருகிறேன் என்று ஏற்றுக்கொண்டேன். ஒரு மாதிரி ஓட்டைத் துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு பழைய வீட்டுச் சாமான் கடை கடையாக அலைந்தேன். முதல் கடையில் 40 ரூபாய் என்றார்கள். பாசி பிடித்த ஓட்டுக்கு 40 ரூபாயா! இன்னொரு கடையில் 30, ஆனால் அச்சு வேற. கடைசியில் ஒரு பாய் கடையில் பின்பக்கம் அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது. எடுத்துத் திருப்பினால் அடியில் பேசல் மிஷன் முத்திரை!

இதன் அருமை என்னவென்றால், சுவிட்சர்லாந்திலிருந்து வந்த பேசல் மிஷன்காரர்கள் 1865-ல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை ஆரம்பித்தார்கள். முதல் உலகப் போர் சமயத்தில் அவர்கள் சொத்தெல்லாம் பறிபோய், தொழிற்சாலைகள் காமன்வெல்த் டிரஸ்ட் என்ற பிரிட்டிஷ் கம்பெனி கைக்குப் போயின. அப்படியென்றால் இந்த முத்திரை போட்ட ஓடு 100 வருஷத்தைத் தாண்டியது. கோயில் கூரையில் இருப்பதும் அதே முத்திரை.

பாய் 35 சொன்னார். நான் 18-ல் ஆரம்பித்தேன். "ஏம்மா, இது அந்தக் காலத்து மண்ணும்மா" என்றார். அது தெரிந்துதானே பாய் வந்திருக்கிறேன் என்றேன். ஒவ்வொரு ஓட்டையும் தூக்கி விரல் மடக்கித் தட்டினேன். நல்ல ஓடு கிண் என்று கேட்கும், கீறல் விழுந்தது சத்தமே இல்லாமல் அமுங்கும். கீறினதையெல்லாம் தனியாக வைக்க வைக்க அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. டீ வரவழைத்தார். 28-க்கு வந்தார். கோயில் கூரைக்கு என்று சொன்னேன், மாதிரி ஓட்டை எடுத்துக் காட்டினேன். கையில் வாங்கித் தடவிப் பார்த்தார், பக்கத்து ஓட்டோடு பொருத்திப் பார்த்தார், கச்சிதமாக உட்கார்ந்தது. "சாமி வீட்டுக்குன்னா 22 கொடும்மா" என்றார். 22! உடையும் என்று கணக்குப் போட்டு 200 எடுத்தேன், 4,400 ரூபாய். அதற்கு மேல் 10 ஓடு சும்மா கொடுத்தார். அந்த மனுஷனுக்கு ஒரு பெரிய நன்றி. டெம்போ வாடகை 1,500, அதில்தான் ஒரு பைசா குறைக்க முடியவில்லை. வைக்கோல் போட்டு அடுக்கி, ஆரணி ரோட்டு ஸ்பீட் பிரேக்கர் எல்லாம் தாண்டி, இரண்டே ஓடுதான் உடைந்தது. அதுவும் ஓரத்தில்!

நீங்களும் போய்ப் பார்க்க வேண்டுமே, அதைச் சொல்லாமல் விட்டால் எப்படி. வேலூர் கோட்டைக்குப் போனால் ஜலகண்டேஸ்வரர் கோயிலோடு திரும்பாமல் 1846-ல் கட்டின செயின்ட் ஜான்ஸ் கோயிலையும் பாருங்கள், ஞாயிறு ஆராதனை நேரம் நல்லது. பெரிய கோயில் பார்க்க ஆசை என்றால் சேத்துப்பட்டு லூர்து மாதா கோயில். தாது வருஷப் பஞ்ச (1876-78) காலத்தில் இந்தப் பக்கம் உழைத்த பிரெஞ்சுக்காரர் தார்ராஸ் சாமியார் கட்டினது. இப்போது திருவண்ணாமலை மாவட்டம், ஆனால் 1989 வரைக்கும் எல்லாம் ஒரே வடஆற்காடுதான்.

கிராமத்துக் கோயில்கள் வார நாளில் பூட்டித்தான் இருக்கும். பூட்டைப் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். எதிர் வீட்டில் கேளுங்கள். ஆரணி கோயில் சாவி எதிர்த் தெரு ஆயாவிடம் இருக்கிறது, முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறார். அவர் வீட்டுக்காரர்தான் முன்பு மணி அடித்தவராம். திறந்துவிட்டு, பெஞ்சு பெஞ்சாக யார் எங்கே உட்காருவார்கள் என்று சொன்னார். லண்டனில் நர்ஸாக இருக்கிற என் சித்தி பொண்ணு அங்கே கிராமத்துக் கோயில் கதவை ஒரு படம் எடுத்து அனுப்பினாள். சாவி எந்த வீட்டில் கிடைக்கும் என்று கதவிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆராதனை நின்றுபோன கோயில்களைப் பார்த்துக்கொள்ள அங்கே 1957-லேயே ஒரு சங்கம் ஆரம்பித்தார்களாம். 1969-ல் இங்கிலாந்தில் ஆரம்பித்த இன்னொரு அறக்கட்டளை 350-க்கும் மேற்பட்ட கோயில்களைப் பராமரிக்கிறது. நமக்கு அந்த நிலைமை இல்லை, நம் கோயில்களில் ஞாயிற்றுக்கிழமை உட்கார இடமில்லை. சாவி எங்கே என்று ஒரு அட்டையாவது நாமும் எழுதி மாட்டலாம், ஆயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

செருப்பை வாசலில் விடுங்கள், பீடத்துப் பக்கம் கேட்காமல் போகாதீர்கள், மணிக் கயிற்றை இழுக்காதீர்கள். ஊர் முழுக்க ஓடி வந்துவிடும், சாவு மணி என்று நினைத்துக்கொண்டு.

அய்யோ, மோட்டு ஓட்டைச் சொல்லவே இல்லையே! கூரை உச்சியில் கவிழ்க்கிற ஓடு. பாய் கடையில் அது 6 தான் கிடைத்தது, ஒன்று 60 ரூபாய், குறைக்கவே மாட்டேன் என்றுவிட்டார். இன்னும் 15 வேண்டும். திருப்பத்தூர், வாணியம்பாடி, குடியாத்தம் பக்கம் யாராவது ஓட்டு வீடு பிரித்தால் முத்திரையைப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு படம் அனுப்புங்கள், டெம்போவோடு நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். ஐப்பசி மழைக்குள் கூரை ஏற வேண்டும்.