தொட்டி மீனுக்குக் கண் வீங்கினால்

வணக்கம் நேயர்களே. நமக்குக் கண்ணில் கோளாறு என்றால் வேலூர்க்காரர்கள் யோசிக்காமல் ஷெல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவோம். வீட்டுத் தொட்டியில் ஒரு கோல்டு பிஷ்ஷுக்குக் கண் பிதுங்கினால், மீன் கடைக்குப் போய் "கண்ணுக்கு ஒரு மருந்து கொடுங்கண்ணா" என்கிறோம். அவரும் நீலமாகவோ மஞ்சளாகவோ ஒரு புட்டியைக் கொடுத்துவிடுகிறார். அதைத் திறப்பதற்கு முன் கவனிக்க வேண்டியது நிறைய இருக்கிறது.

முதலில், வீங்கியிருப்பது ஒரு கண்ணா, இரண்டு கண்ணுமா? ஒரு கண் மட்டும் என்றால் பெரும்பாலும் அடிபட்டிருக்கும். கூரான கல், பிளாஸ்டிக் செடி, வலை போட்டுப் பிடித்த அவசரம், இன்னொரு மீனின் கடி, இவற்றில் ஏதாவது ஒன்று. இரண்டு கண்ணும் வீங்கியிருந்தால் தண்ணீரையோ உள்நோயையோ சந்தேகிக்க வேண்டும். பிளாக் மூர் என்ற கறுப்புக் கோல்டு பிஷ் வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம், வளர வளர அதற்குக் கண் இயல்பாகவே அப்படித்தான் பிதுங்கும்.

வீக்கம் இல்லாமல் கண்மேல் வெண்படலம் மட்டும் தெரிந்தாலும் விசாரணை தண்ணீரில்தான் தொடங்க வேண்டும். மீனுக்கு நம்மைப் போல இமை கிடையாது. தண்ணீரில் என்ன இருந்தாலும் நேரே கண்ணில்தான் படும்.

நம்ம ஊரில் பலர் தொட்டிக்கு ஊற்றுவது போர் தண்ணீர். பல இடங்களில் அது உப்பும் காரமுமாக இருக்கிறது. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா வருகிறது அல்லவா? தண்ணீரின் காரத்தன்மையைக் காட்டும் பிஹெச் எண் 7 இருக்கும்போது அதில் நூறில் ஒரு பங்குகூட நஞ்சு வடிவில் இருக்காது. அதே தண்ணீர் 25 டிகிரி வெப்பத்தில் பிஹெச் 8 ஆனால் நஞ்சு ஏறத்தாழ பத்து மடங்காகிவிடும். வெப்பம் கூடக்கூட இன்னும் ஏறும். வேலூர் மே மாத வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போதாக்குறைக்கு, சூடான தண்ணீரில் ஆக்சிஜனும் குறைவு. அதனால் கோடையில் தீனியைக் குறையுங்கள், ஏர் பம்பை இரவிலும் நிறுத்தாதீர்கள்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. ஆழத்தில் இருந்து மோட்டார் தள்ளும் தண்ணீரில் சில நேரம் காற்று அளவுக்கு மீறிக் கரைந்திருக்கும். பைப்பிலிருந்து நேராகத் தொட்டிக்கு விட்டால், அது மீனின் உடம்புக்குள் குமிழியாகி, கண்ணையே வெளியே தள்ளிவிடும். உற்றுப் பார்த்தால் கண்ணுக்குள் சின்னக் குமிழிகூடத் தெரியும். அதனால் தண்ணீரை வாளியில் பிடித்து, ஏர் பம்ப் போட்டு, ஒரு ராத்திரி வைத்துவிட்டு ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் நீக்கும் சொட்டு மருந்தும் வேண்டும்.

சரி, சிகிச்சைக்கு வருவோம். தினமும் தொட்டியில் கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். பில்டர் பஞ்சைக் குழாயடியில் அலசாமல், தொட்டியில் இருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள், அதில்தான் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா குடியிருக்கிறது. வீக்கத்துக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் எப்சம் உப்பு உதவும். 20 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் கணக்கில் தனியாகக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். மறுநாள் தண்ணீர் மாற்றும்போது, எடுத்த அளவுக்கு மட்டும் உப்புச் சேர்த்தால் போதும். முழுத் தொட்டிக்கும் திரும்பப் போட்டால் அளவு ஏறிக்கொண்டே போகும். சமையல் உப்பு வேறு, இது வேறு.

வீட்டில் மிச்சம் இருக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பொடித்துப் போடும் பழக்கம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. மீனுக்கு எட்டுகிறதோ இல்லையோ, பில்டரில் இருக்கும் நல்ல பாக்டீரியா செத்து அம்மோனியா ஏறும். கண்ணோடு வயிறும் ஊதி, செதில் சிலிர்த்துக்கொண்டு நின்றால் அந்த மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி, கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். மீனுக்கு வரும் ஒருவகைக் காசநோயிலும் கண் பிதுங்கும், அது நம் தோலிலும் தொற்றும். கையில் காயம் இருந்தால் கையுறை இல்லாமல் தொட்டிக்குள் கையை விடாதீர்கள்.

வீக்கம் வடிய வாரக்கணக்கில் ஆகலாம். சில மீனுக்குப் பார்வை திரும்பாது, கண்ணே போய்விடுவதும் உண்டு. அதற்காக மீனைக் கொன்றுவிட வேண்டியதில்லை. உடம்பின் இரு பக்கமும் ஓடும் உணர்கோட்டால் அது தண்ணீரின் அசைவை அறிந்து நீந்திக்கொள்ளும். தீனியைத் தினமும் ஒரே மூலையில், ஒரே நேரத்தில் போடுங்கள், சீக்கிரம் பழகிவிடும். டைகர் பார்ப் மாதிரிக் கடிக்கும் மீன்களோடு மட்டும் அதைச் சேர்த்து விடாதீர்கள். நன்றி, வணக்கம்.