மண்டையிடியும் மூளையின் ரத்த ஓட்டமும்

நேயர்களுக்கு வணக்கம்.

தோவாளைச் சந்தையில் விடியுமுன்பே வந்து பூ வாங்குகிறவர்களில் ஒற்றைத் தலைவலிக்காரர்கள் இருந்தால், தூக்கம் கெட்ட நாளில் பிச்சிப்பூ வாசமே மண்டையிடியைக் கிளப்பிவிடும். நெற்றிப்பொட்டு விண்விண்ணென்று தெறிக்கும். துண்டை எடுத்துத் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டுவார்கள். கொஞ்சம் அடங்கும்.

துண்டு கட்டினால் பொட்டில் தோலுக்கடியில் ஓடும் தமனி அழுந்தும். 1938-இல் அமெரிக்காவில் கிரகாம், உல்ஃப் என்ற இரு மருத்துவர்கள் அதே தமனியைக் கவனித்தார்கள். ரத்தக்குழாயைச் சுருக்கும் எர்கோடமைன் ஊசி போட்டதும் துடிப்பு குறைந்தது, கூடவே வலியும் குறைந்தது. ரத்தக்குழாய் சுருங்கினால், வலிக்கு முன் சிலருக்குத் தெரியும் கண்ணில் மின்னல்; விரிந்தால் வலி. வெகுகாலம் இதுதான் பாடம். இன்றும் பலர் இதையே சொல்கிறார்கள்.

1981-இல் டென்மார்க்கில் ஓலெசன் குழுவினர் கதிரியக்க செனான் வாயுவை ரத்தத்தில் செலுத்தி, மண்டையிடி வரும்போதே மூளையின் ரத்த ஓட்டத்தை அளந்தார்கள். மூளையின் பின்பக்கத்தில் ஓட்டம் குறையத் தொடங்கி, நிமிடத்துக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டராக முன்னால் நகர்ந்தது. ஒரு குழாய் சுருங்கியதுதான் காரணம் என்றால், அந்தக் குழாய் ரத்தம் ஊட்டும் பகுதியோடு நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. அதைவிடப் பெரிய அதிர்ச்சி, ஓட்டம் குறைந்திருக்கும்போதே தலைவலி தொடங்கிவிட்டது! கண்ணில் மின்னல் வராதவர்களுக்கோ ஓட்டம் மாறவே இல்லை என்று சொல்லலாம்.

அப்படியானால் நகர்வது எது? நரம்பணுக்களில் பரவும் ஒரு மின் அலை. 1944-இல் பிரேசில் ஆய்வாளர் லியாவோ முயல் மூளையில் கண்டது. அலை போன இடத்தில் அணுக்கள் சற்று நேரம் அடங்கிப்போகின்றன, ரத்த ஓட்டம் அதன் பின்னால்தான் குறைகிறது. வலியைத் தருவது மூளை உறையில் முடியும் முக்கிளை நரம்பு, முகத்தின் உணர்வைக் கடத்தும் அதே நரம்பு. ரத்தக்குழாய்க்கும் பங்கு உண்டு, ஆனால் தலைமை அதற்கில்லை.

சரி, இதைத் தெரிந்து என்ன பயன்? அலை மெதுவாக நகர்வதால், கண்முன் மினுங்கும் வளைவுக்கோடும் சிறிது சிறிதாக விரிந்து, பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் மறையும். பக்கவாதம் அப்படியல்ல. பேச்சு குழறுவதோ, ஒரு பக்கக் கை தளர்வதோ சட்டென்று வரும். அப்போது துண்டைக் கட்டிப் படுக்காதீர்கள். உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். பேச்சிப்பாறையிலிருந்து வருகிறவர்கள் நாகர்கோவிலுக்கு வண்டி வந்துசேரும் நேரத்தையும் அதில்தான் கழிக்க வேண்டும்.