கடைசி ஆள் வரும் வரை டிவியை அணைக்காதீர்கள்

எல்லோருக்கும் வணக்கம்.

சைக்கிள் பந்தயத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். டூர் டி பிரான்ஸ் என்றால் மஞ்சள் ஜெர்சி, மலை உச்சி, பொகாச்சார், விங்கேகார் என்று போகும் என நினைத்து வந்திருப்பீர்கள். அவர்களைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் பேச வந்தது கடைசியில் வருகிறவர்களைப் பற்றி. பல வருடமாக இந்தப் பந்தயத்தைப் பார்த்து, எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒரே விஷயம், இதன் பாதிக் கதை ஜெயித்தவர் கோட்டைத் தாண்டிய பிறகுதான் நடக்கிறது என்பது.

ஜூலை மாதத்தில் நம் ஊர் நேரப்படி ராத்திரி எட்டரை, ஒன்பது மணி வாக்கில் அன்றைய ஸ்டேஜ், அதாவது அந்த ஒரு நாளுக்கான ஓட்டம், முடியும். ஜெயித்தவர் கையைத் தூக்கிக்கொண்டு வருவார், இரண்டாவது மூன்றாவது ஆட்கள் வருவார்கள், நாம் டிவியை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவோம். மலை ஸ்டேஜாக இருந்தால் அந்த நேரத்தில் ஐம்பது, அறுபது பேர் இன்னும் கடைசி மலையின் அடிவாரத்தில்தான் இருப்பார்கள். அவர்களுக்கும் அன்றைக்குப் பந்தயம் உண்டு. எதிரி மட்டும் வேறு, அது கடிகாரம்.

புதிதாகப் பார்க்கிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று வாரம், 21 ஸ்டேஜ், நடுவில் இரண்டு நாள் ஓய்வு, மொத்தம் ஏறக்குறைய 3,400 கிலோமீட்டர். 2018 முதல் ஓர் அணிக்கு எட்டுப் பேர். தினமும் எடுத்துக்கொண்ட நேரத்தையெல்லாம் கூட்டி, யாருக்கு மொத்தம் குறைவோ அவருக்கு மஞ்சள் ஜெர்சி. இவ்வளவுதான் மேலோட்டமான விதி. ஆனால் இதற்கு அடியில் இன்னொரு விதி இருக்கிறது, அதுதான் நேரக் கெடு. அன்று முதலில் வந்தவர் எடுத்துக்கொண்ட நேரத்துக்கு மேல் இத்தனை சதவீதத்துக்குள் எல்லோரும் வந்தாக வேண்டும். வராதவர் மறுநாள் காலையில் கிளம்ப முடியாது, மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். சமவெளி நாளில் இந்தச் சதவீதம் ரொம்பக் குறைவு. மலை நாளில் கூடும், அன்றைய சராசரி வேகத்தைப் பொறுத்தும் மாறும். உதாரணத்துக்கு, ஜெயித்தவருக்கு ஐந்து மணி நேரம் ஆனது, அன்றைய கணக்கு 12 சதவீதம் என்றால், மற்றவர்களுக்கு இருப்பது 36 நிமிடம். 37வது நிமிடத்தில் வந்தால், இரண்டு வாரம் மிதித்த மிதியெல்லாம் வீண்.

இதில் அதிகம் மாட்டிக்கொள்வது ஸ்பிரின்டர்கள். அவர்கள் மோசமான வீரர்கள் இல்லை, கடைசி இருநூறு மீட்டரில் மணிக்கு எழுபது கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறவர்கள், உலகத்திலேயே அந்த வேலையைச் செய்யத் தெரிந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான். அந்தப் பாய்ச்சலுக்குத் தொடையில் சதை வேண்டும், உடம்பில் எடை வேண்டும். மலை ஏறுகிறவர் அறுபது கிலோவை ஒட்டி இருப்பார், இவர் எண்பதை ஒட்டி இருப்பார். சமவெளியில் இந்த எடை பெரிய தொல்லை இல்லை, அங்கே எதிரி காற்று, அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் பாதிச் சிரமம் போய்விடும். ஏற்றத்தில் ஒளிய இடமில்லை. வேகம் குறையக் குறைய காற்றின் மறைவால் கிடைக்கிற லாபமும் குறைந்துவிடும். ஒவ்வொரு கிலோவையும் அவரவரே தூக்கிக்கொண்டு மேலே போக வேண்டும்.

சரி, அப்போது இவர்கள் என்ன செய்கிறார்கள்? ஒன்று சேர்ந்துவிடுகிறார்கள். முதல் மலையிலேயே பின்தங்கியவர்கள் எல்லோரும், எந்த அணி, எந்த நாடு என்று பார்க்காமல், ஒரே கூட்டமாகிவிடுவார்கள். இத்தாலிக்காரர்கள் அதை குருப்பெட்டோ என்பார்கள், பிரெஞ்சுக்காரர்கள் பஸ் என்பார்கள். நேற்று சமவெளியில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு சண்டை போட்டவர்கள், இன்றைக்கு ஒருவருக்கொருவர் தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டு வருவார்கள். ஊர் கூடித் தேர் இழுக்கிற மாதிரிதான், தனியாக விட்டால் ஒருவராலும் முடியாது.

இந்தக் கூட்டத்துக்குள் ஒரு கணக்குப்பிள்ளை இருப்பார். ஆஸ்திரியாவின் பெர்ன்ஹார்ட் ஐசெல் இந்த வேலைக்குப் பெயர் பெற்றவர். பந்தயத்தின் முன்பக்கம் என்ன வேகத்தில் போகிறது, அதை வைத்து இன்றைய கெடு எவ்வளவாக வரும், இன்னும் எத்தனை மலை பாக்கி, இந்த ஏற்றத்தில் எத்தனை நிமிடத்தை இழக்கலாம், இறக்கத்தில் எத்தனையை மீட்கலாம் என்று மிதித்துக்கொண்டே மனக்கணக்கு போடுவார்கள். ஏற்றத்தில் வேகத்தைக் கூட்டினால் கூட்டம் உடைந்துவிடும், பலவீனமானவர் தனியாகிவிடுவார். அதனால் ஏறும்போது ஒரே சீரான வேகம். உச்சியைத் தாண்டியதும் கதையே மாறிவிடும். இறக்கத்தில் இவர்கள் போகிற போக்கைப் பார்த்தால் நமக்கு அடிவயிறு கலங்கும், கனமான உடம்பு அங்கேதான் உதவுகிறது. அப்புறம் இரண்டு மலைகளுக்கு நடுவில் இருக்கிற பள்ளத்தாக்குச் சாலையில் எல்லோரும் முறை வைத்து முன்னால் வந்து இழுப்பார்கள். இதையெல்லாம் டிவியில் காட்டுவதே இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

ஃபாபியோ யாகோப்சன் என்கிற நெதர்லாந்து ஸ்பிரின்டரைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 2020 ஆகஸ்டில் போலந்தில் கட்டோவிட்ஸ் நகரத்தில் ஒரு ஸ்டேஜின் கடைசி மீட்டர்களில் தடுப்பு வேலியில் போய் மோதி விழுந்தார். மருத்துவர்கள் அவரைச் செயற்கைக் கோமாவில் வைத்தார்கள். முகத்தில் நூற்றுக்கும் மேல் தையல், பற்கள் ஏறக்குறைய எல்லாமே போயின. அந்த மனிதர் மீண்டு வந்து, 2022இல் தன் வாழ்க்கையின் முதல் டூர் டி பிரான்ஸில், டென்மார்க்கின் நைபோர்க்கில் இரண்டாவது ஸ்டேஜை ஜெயித்தார். செய்தித்தாள்கள் அத்தோடு முடித்துக்கொண்டன. எனக்கு அதைவிடப் பெரியதாகப் படுவது அதே பந்தயத்தின் 17வது ஸ்டேஜ். பிரனீஸ் மலைத்தொடர், வரிசையாக ஏற்றங்கள், கடைசியில் பெராகூட் என்ற மலையில் சின்ன விமானங்கள் இறங்கும் ஓடுபாதையில் கோடு. ஓடுபாதை என்றதும் சமதளம் என்று நினைக்காதீர்கள், 16 சதவீதச் சரிவு, நடந்து ஏறினாலே மூச்சு வாங்கும். பொகாச்சார் ஜெயித்து, பேட்டியெல்லாம் ஆரம்பித்திருக்கும். யாகோப்சன் இன்னும் வந்து சேரவில்லை. கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. முன்னாலேயே வந்துவிட்ட அவருடைய அணித்தோழர்கள் கோட்டுக்குப் பக்கத்திலேயே நின்று, கத்தி, கைதட்டி அவரைக் கூப்பிடுகிறார்கள். அந்த ஓடுபாதையில் அவர் இடமும் வலமுமாக ஆடி ஆடி மேலே வருகிறார், சைக்கிள் நகர்கிறதா நிற்கிறதா என்றே தெரியாத வேகம். கடைசியில் சில நொடி மிச்சம் இருக்கையில் கோட்டைத் தாண்டினார், தாண்டியதும் அப்படியே சரிந்தார். அன்றைக்கு அவருக்குக் கோப்பை இல்லை, மேடை இல்லை. மறுநாள் கிளம்புவதற்கு அனுமதி, அவ்வளவுதான் பரிசு. பாரிஸ் வரைக்கும் போனார். இன்னொரு ஸ்டேஜ் அவருக்குக் கிடைக்கவில்லை. கிடைக்காதது எனக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை, அந்த ஓடுபாதை போதும்.

பின்தங்குகிறவர்களின் கதை பந்தயத்தோடு சேர்ந்தே பிறந்தது. 1903இல் ஒரு பத்திரிகையின் விற்பனையைக் கூட்டுவதற்காக இதை ஆரம்பித்தபோது அறுபது பேர் கிளம்பி, 21 பேர்தான் முடித்தார்கள். ஜெயித்த மோரிஸ் கராங்குக்கும் கடைசியாக வந்த ஆர்சேன் மில்லொஷோவுக்கும் இடையே ஏறக்குறைய 65 மணி நேர வித்தியாசம். 1910இல் பந்தயத்தை முதல் தடவையாகப் பிரனீஸின் உயர்ந்த மலைகளுக்குள் கொண்டுபோனபோது, முடியாமல் விட்டவர்களை ஏற்றிக்கொள்ள பின்னால் ஒரு வண்டி வரத் தொடங்கியது, பெயரே துடைப்ப வண்டி. அதில் ஒரு துடைப்பத்தையும் கட்டி வைப்பார்கள். அந்த வண்டி பின்னால் உறுமிக்கொண்டே வருவதைக் கேட்டுக்கொண்டு மிதிப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மொத்தப் பட்டியலில் கடைசியில் இருப்பவரைச் சிவப்பு விளக்கு என்பார்கள், ரயிலின் கடைசிப் பெட்டியில் தொங்குகிற விளக்கு. ஒரு காலத்தில் இந்த இடத்துக்கே போட்டி இருந்தது. பந்தயம் முடிந்ததும் ஊர் ஊராக நடக்கிற காட்சிப் பந்தயங்களுக்குக் கடைசி ஆளையும் காசு கொடுத்துக் கூப்பிடுவார்கள், ஐம்பதாவது ஆளை யாரும் கூப்பிட மாட்டார்கள். 1979இல் பிலிப் டெஸ்னியே, கெர்ஹார்ட் ஷோன்பாஹர் இரண்டு பேரும் கடைசி இடத்துக்காக மல்லுக்கட்டினார்கள். தனித்தனியாகக் கடிகாரத்தை எதிர்த்து ஓட்ட வேண்டிய ஒரு ஸ்டேஜில் டெஸ்னியே அளவுக்கு மீறி மெதுவாக ஓட்டி, கெடுவைத் தாண்டி வெளியேற்றப்பட்டார். ஷோன்பாஹர் கடைசி ஆனார். நடத்துகிறவர்களுக்கு இது பிடிக்கவில்லை, அடுத்த வருடம் சில ஸ்டேஜ்களுக்குப் பிறகு கடைசியில் இருப்பவரை வெளியேற்றும் விதியைக் கொண்டுவந்தார்கள். ஷோன்பாஹர் அதையும் சமாளித்து 1980இலும் கடைசியாகவே வந்தார். பலர் இதைக் கேலியாகச் சொல்வார்கள். காசுக்காக மிதிக்கிற தொழிலாளி தன் பிழைப்புக்கு வழி தேடினான் என்றுதான் நான் பார்க்கிறேன்.

இப்போது 2024க்கு வருகிறேன். மார்க் கேவென்டிஷ், பிரிட்டன் ஸ்பிரின்டர், வயது 39. பெல்ஜியத்தின் பழைய ஜாம்பவான் எடி மெர்க்ஸின் 34 ஸ்டேஜ் வெற்றிகளை 2021லேயே தொட்டுவிட்டார், தாண்ட இன்னும் ஒன்றே ஒன்று தேவை. 2023இல் விழுந்து காறை எலும்பு உடைந்தது, ஓய்வு பெறுவதாக அறிவித்திருந்தவர் அதைத் தள்ளிப்போட்டுவிட்டு இன்னொரு வருடம் வந்தார். முதல் நாள், ஃப்ளோரன்ஸில் இருந்து ரிமினி வரை, 206 கிலோமீட்டர், கொளுத்துகிற வெயில். முதல் ஏற்றத்திலேயே கேவென்டிஷ் பின்தங்கி, சைக்கிளின் மேலேயே வாந்தி எடுத்தார். அவருடைய அஸ்தானா அணியின் தோழர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள், தலையில் தண்ணீரை ஊற்றி, பக்கத்திலேயே மிதித்து, ஏறக்குறைய நாற்பது நிமிடம் பின்தங்கி, கெடுவுக்குள் கொண்டுவந்து சேர்த்தார்கள். அன்றைக்கு அவர்கள் அவரை விட்டுவிட்டுப் போயிருந்தால் நான்கு நாள் கழித்து சேன்-வுல்பாவில் வந்த 35வது வெற்றி இல்லை. அந்த வெற்றியின் படம் உலகம் பூராவும் போனது. ரிமினிக்குப் போகும் சாலையில் நடந்ததை எத்தனை பேர் பார்த்தார்கள்?

அந்த வருடம் மொத்தப் பட்டியலில் கடைசி இடம் யாருக்கு என்று பார்த்தால், டாவிடே பல்லெரினி. கேவென்டிஷின் அதே அணி. உதவியாளர் வேலை என்பது இதுதான், காற்றை மறைப்பது, தண்ணீர் கொண்டுவருவது, தலைவர் தவிக்கும்போது அவருடைய வேகத்துக்குத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்வது. பட்டியலில் அது நேர நஷ்டமாக மட்டும்தான் பதிவாகும்.

கெடு விஷயத்தில் நியாயம் எப்போதும் சமமாகக் கிடைப்பதில்லை, இதையும் சொல்லியாக வேண்டும். 2001இல் பொன்டார்லியே ஸ்டேஜில் பதினான்கு பேர் மழையில் கூட்டத்தை விட்டு முன்னால் தப்பித்துப் போக, மிச்சக் கூட்டம் மொத்தமும் 35 நிமிடத்துக்கு மேல் பின்னால் வந்தது, விதிப்படி எல்லோரும் வெளியே. எல்லோரையும் அனுப்பிவிட்டால் அப்புறம் எங்கே பந்தயம்? மன்னித்தார்கள். 2011இல் காலிபியே மலை உச்சியில் முடிந்த நாளில் 88 பேர் கெடுவைத் தாண்டினார்கள், மன்னித்தார்கள், புள்ளிக் கணக்கில் முதலில் இருப்பவருக்கான பச்சை ஜெர்சியில் இருந்த கேவென்டிஷுக்கு இருபது புள்ளி மட்டும் வெட்டினார்கள். பெரிய பஸ்ஸில் இருந்தால் தப்பிக்கலாம். தனியாக இருந்தால்?

நிக் ட்லாமினி, கேப் டவுனின் ஒரு ஏழைக் குடியிருப்பில் வளர்ந்தவர், டூர் டி பிரான்ஸ் ஓட்டிய முதல் கறுப்பினத் தென்னாப்பிரிக்கர். 2021இல் டீன்யே மலைக்குப் போகும் ஒன்பதாவது ஸ்டேஜ், மழை, கடுங்குளிர். வழியில் விழுந்தார், கூட்டத்தைத் தவறவிட்டார். கெடு முடிந்துபோனது, துடைப்ப வண்டி பின்னாலேயே இருக்கிறது, ஏறி உட்கார்ந்தால் சூடான இருக்கை. ஏறவில்லை. ஜெயித்தவருக்கு ஒன்றேகால் மணி நேரத்துக்கும் மேல் கழித்து, தனியாக, முழுத் தூரத்தையும் மிதித்து முடித்தார். வெளியேற்றப்பட்டார். அதே நாளில் அர்னோ டெமார் என்கிற பெரிய பிரெஞ்சு ஸ்பிரின்டரும் கெடு தாண்டி வெளியேறினார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஆள் பார்த்துச் செய்ததாக நான் சொல்லவில்லை. கூட்டத்துக்கு ஒரு கணக்கு, தனி ஆளுக்கு ஒரு கணக்கு என்பதுதான் என் குறை. விழுந்து எழுந்து வருகிற ஆளுக்கு, அந்த விபத்தில் போன நிமிடங்களைக் கழித்துக் கொடுத்தால் பந்தயத்தின் மானம் ஒன்றும் போய்விடாது.

ஒளிபரப்புகிறவர்களிடம் நான் கேட்பதும் பெரிதாக ஒன்றும் இல்லை. ஜெயித்தவருக்குத் தண்ணீர் கொடுத்து, துடைத்து, பேட்டி எடுக்கிற அந்த முப்பது நிமிடத்தில், ஒரே ஒரு கேமராவைக் கோட்டுக்கு நேராக வைத்துவிட்டு, திரையின் ஓரத்தில் கெடு இறங்கிக்கொண்டே வருகிற கடிகாரத்தைப் போடுங்கள். வர்ணனைகூட வேண்டாம், யார் வருகிறார் என்று பெயரை மட்டும் காட்டுங்கள், நாங்கள் சாப்பாட்டைத் தள்ளிவைத்துக்கொள்கிறோம்.