கிமாரின் முழங்கால்

அவையோருக்கு வணக்கம்.

1972ஆம் ஆண்டு டூர் டி பிரான்ஸ், பிரான்ஸில் கட்டம் கட்டமாக மூன்று வாரம் ஓடும் சைக்கிள் பந்தயம். ஆல்ப்ஸ் பகுதியில் லெ ரெவார் என்ற மலையின் மேல் அன்றைய கட்டம் முடிகிறது. முன்னால் வருபவர் பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ். அவரை வெல்ல ஆளில்லாத காலம் அது. கோடு வந்துவிட்டது என்று அவர் கைகளை உயர்த்துகிறார். அந்தக் கணத்தில் பக்கத்திலிருந்து ஒரு சக்கரம் பாய்ந்து கோட்டை முதலில் தொட்டுவிடுகிறது. அந்தச் சக்கரத்துக்குச் சொந்தக்காரர், 25 வயது பிரெஞ்சுக்காரர் சிரில் கிமார்.

ஆனால் அவருடைய முழங்கால்கள் அப்போதே கெட்டுப்போயிருந்தன. காலையில் பிறர் தூக்கித்தான் சைக்கிளில் உட்காரவைக்க வேண்டும் என்ற நிலை. அப்படியும் ஓட்டினார். அந்தப் பந்தயத்தில் நான்கு கட்டங்களை வென்றார், ஒட்டுமொத்த நேரத்தில் முன்னிலையில் இருப்பவருக்கான மஞ்சள் ஜெர்சியையும் சில நாட்கள் அணிந்தார். பாரிஸ் சேர இரண்டே நாள் இருக்கும்போது, ஒட்டுமொத்தத்தில் இரண்டாம் இடத்திலும், புள்ளிகளில் முதல்வருக்கான பச்சை ஜெர்சியிலும் இருந்தவர், வலி தாங்காமல் விலகினார். பச்சை ஜெர்சி மெர்க்ஸுக்குப் போனது. பாரிஸில் மெர்க்ஸ் அதைக் கொண்டுபோய் கிமாரிடமே கொடுத்தார். விளையாட்டு உலகில் இதைவிடப் பெரிய மரியாதையை நான் அறியேன்.

கிமாரின் பிற்கால வாழ்க்கை முழுவதையும் நான் அந்த முழங்காலிலிருந்தே புரிந்துகொள்கிறேன்.

1976இல், 29 வயதில், அவர் அணி மேலாளராகிவிட்டார். அவரிடம் இருந்தவர் லூசியன் வான் இம்பே என்ற பெல்ஜிய வீரர். மலையேற்றத்தில் நிகரற்றவர், ஆனால் பந்தயத்தையே வெல்லலாம் என்ற துணிச்சல் இல்லாதவர். பிரனீஸ் மலைகளில் சேன் லாரிக்குப் போகும் வழியில், இப்போதே தாக்கு என்று கிமார் ஆணையிட்டார். வான் இம்பே தயங்கினார். கிமார் காரை அவர் பக்கத்தில் ஓட்டிச்சென்று, போகாவிட்டால் காராலேயே இடித்துத் தள்ளிவிடுவேன் என்று கத்தியதாகச் சொல்வார்கள். வான் இம்பே போனார். வாழ்நாளில் ஒரே ஒரு முறை டூர் டி பிரான்ஸை வென்றார்.

இந்தக் கதையைக் கேட்டு கிமாரை முரட்டு மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். தன் அணியின் இளம் பிரெஞ்சு வீரர் பெர்னார் இனோ விஷயத்தில் அவர் நடந்துகொண்டதைப் பாருங்கள். 1977இல் இனோ பெரிய பந்தயங்களை வென்று கொண்டிருந்தார். பிரான்ஸ் முழுவதும் அவரை டூர் டி பிரான்ஸில் பார்க்கக் காத்திருந்தது. கிமார் அனுப்பவில்லை. அடுத்த ஆண்டுதான் அனுப்பினார், முதல் முயற்சியிலேயே இனோ வென்றார். இளம் உடலைச் சீக்கிரம் பிழிந்துவிடக் கூடாது என்பதை கிமார் தன் உடம்பில் பட்டுத் தெரிந்துகொண்டவர். 1980இல் இனோ மஞ்சள் ஜெர்சியோடு இருக்கும்போதே முழங்கால் வலி வந்தது. போ (Pau) என்ற நகரில் ஓர் இரவு பந்தயத்தை விட்டே விலகினார். எட்டு ஆண்டுகளுக்கு முன் தனக்கு நேர்ந்தது தன் வீரனுக்கு நேர்வதை கிமார் பார்த்தார். ஆனால் இம்முறை உடம்பு முற்றிலும் உடையும்வரை இழுக்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டு கடைசியில் சலாஞ்சில் இனோ உலகச் சாம்பியனானார்.

1983இல் இனோ மறுபடியும் முழங்காலால் டூர் டி பிரான்ஸுக்கு வர முடியாமல் போனபோது, கிமாரின் அணியிலிருந்தே 22 வயது லொரான் ஃபின்யோன் வந்தார், வென்றார். கிமாருக்கும் இனோவுக்கும் உறவு முறிந்ததும் அந்த ஆண்டில்தான். இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்த, அணியை நடத்திய ரெனோ கார் நிறுவனம் கிமாரையே வைத்துக்கொண்டது. மறு ஆண்டும் ஃபின்யோன் வென்றார். 1976 முதல் 1984 வரை கிமாரின் வீரர்களுக்கு ஏழு டூர் டி பிரான்ஸ் பட்டங்கள். மேலாளர் என்ற முறையில் அது அசாத்தியமான கணக்கு.

காற்றின் எதிர்ப்பைப் பற்றி அவர் பட்ட அக்கறையையும் சொல்லியாக வேண்டும். ரெனோ நிறுவனத்தின் துணையோடு சைக்கிள்களையும் வீரர்களின் அமர்வையும் காற்றுச் சுரங்கத்தில் சோதித்துப் பார்த்தவர் அவர். பலர் எடையை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்த காலம் அது.

அதனால்தான் 1989 என்னை இன்னும் வருத்துகிறது. கடைசி நாள், வெர்சாயிலிருந்து பாரிஸுக்கு 24.5 கிலோமீட்டர் தனிநபர் ஓட்டம்; ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கடிகாரத்தோடு போட்டியிட வேண்டும். கிமாரின் வீரர் ஃபின்யோன் 50 விநாடி முன்னிலை. உட்கார முடியாத அளவுக்கு அவருக்குச் சேணப்புண், அதாவது சைக்கிள் இருக்கை உரசி வந்த புண். தலைக்கவசம் இல்லை, குடுமி காற்றில் ஆடுகிறது. எதிரே அமெரிக்கர் கிரெக் லெமாண்ட், டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் சேர்ந்த போட்டி) வீரர்கள் பயன்படுத்தும் நீண்ட கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, முதுகை வளைத்து, காற்றைக் கிழித்துக்கொண்டு வந்தார். அன்று அவர் 58 விநாடி வேகமாக வந்தார். 3,285 கிலோமீட்டர் ஓடிய பந்தயம் எட்டு விநாடியில் போய்விட்டது. ஃபின்யோன் கோட்டைத் தாண்டி சாலையிலேயே சரிந்தார்.

லெமாண்டுக்கு முதல் தொழில்முறை ஒப்பந்தத்தைக் கொடுத்தவரும் கிமார்தான். 1981இல், ரெனோ அணியில். அவரையும் டூர் டி பிரான்ஸுக்கு அவசரப்பட்டு அனுப்பாமல், 1984வரை காத்திருக்கவைத்து வளர்த்தார்.