சலைன் எவ்வளவு, எதுவரை? செப்சிஸ் சிகிச்சையும் ஒரு விரல் நுனியும்

[காட்சி: நோயாளியின் வலது கை. ஆள்காட்டி விரலின் உட்புற நுனியில் ஒரு கண்ணாடி ஸ்லைடு மெல்ல அழுத்தப்படுகிறது.]

குரல்: நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பதற்கான சாதாரணக் கண்ணாடி ஸ்லைடுதான் இது. அதன் அடியில் இருக்கும் தோல் முழுவதும் வெளுக்கும் வரை மருத்துவர் அழுத்தத்தைக் கூட்டுகிறார், வெளுத்த பிறகு 10 நொடிகள் அப்படியே பிடித்திருக்கிறார், பின்பு ஸ்லைடை எடுத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்க்கிறார். வெளுத்த இடம் பழைய நிறத்துக்குத் திரும்ப 3 நொடிகளுக்கு மேல் ஆனால், இந்த நோயாளியின் நுண்ணிய இரத்தக் குழாய்களுக்குப் போதுமான இரத்தம் போய்ச் சேரவில்லை என்று கொள்ளலாம். செப்சிஸ் அதிர்ச்சி நிலையில், அதாவது செப்சிஸால் இரத்த அழுத்தம் அபாயகரமாக இறங்கிய நிலையில் இருப்பவருக்கு இன்னும் சலைன் ஏற்ற வேண்டுமா, போதுமா என்ற கேள்விக்குக் கடந்த சில ஆண்டுகளின் ஆய்வுகள் இந்த விரல் நுனியில் விடை தேடியிருக்கின்றன. அந்தத் தேடலின் கதையைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப் போகிறோம்.

[காட்சி: இரத்தக் குழாயின் குறுக்குவெட்டு வரைபடம். சுவர் தளர்ந்து, திரவம் வெளியே கசிகிறது.]

செப்சிஸ் என்பது கிருமித் தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினை கட்டுமீறிப் போய், உடலின் சொந்த உறுப்புகளையே செயலிழக்கச் செய்யும் நிலை. அந்த நிலையில் இரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிவதால் இரத்த அழுத்தம் இறங்குகிறது. நுண்குழாய்களின் சுவர் கசியத் தொடங்குவதால் உள்ளே இருக்க வேண்டிய திரவம் திசுக்களுக்குள் போய்த் தேங்குகிறது. குழாயில் திரவம் குறைந்துவிட்டது, ஆகவே திரவம் ஊற்ற வேண்டும் என்பது எவருக்கும் முதலில் தோன்றும் எண்ணம், அது பெரிய தவறும் அல்ல. ஆனால் ஓட்டைப் பானையில் ஊற்றும் நீர் பானையில் நிற்பதில்லை. ஏற்றிய சலைனில் ஒரு பகுதிதான் குழாய்க்குள் தங்குகிறது. மிச்சம் நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் குடல் சுவரிலும் வீக்கமாகச் சேர்ந்து, காப்பாற்ற நினைத்த உறுப்புகளையே அழுத்துகிறது.

இந்தச் சிகிச்சைக்கு ஒரு திட்டமான வடிவம் கிடைத்தது 2001-இல். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் இம்மானுவேல் ரிவர்ஸும் அவருடைய குழுவினரும் ஒரே மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் 263 நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். நோயாளி வந்து சேர்ந்த முதல் 6 மணி நேரத்துக்குள் திரவம், இரத்த அழுத்தத்தை உயர்த்தும் மருந்து, தேவைப்பட்டால் இரத்தம் என்று குறிப்பிட்ட இலக்குகளை எட்டும்வரை விடாமல் சிகிச்சை அளித்தபோது, மருத்துவமனையில் இறந்தோர் விகிதம் 46.5 சதவீதத்திலிருந்து 30.5 சதவீதமாகக் குறைந்தது. உலகெங்கும் மருத்துவர்கள் அந்த முறையை மனப்பாடமாகக் கற்றார்கள். செப்சிஸை அவசர நோயாகக் கருத வேண்டும், காத்திருக்கக் கூடாது என்ற பாடத்தை எல்லோருக்கும் புகட்டியது அந்த ஆய்வுதான். அந்தக் கடன் இன்றும் தீரவில்லை என்றே நான் கருதுகிறேன்.

அதே முறையை அமெரிக்காவிலும், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளை மையமாகக் கொண்டும், இங்கிலாந்திலும் மூன்று பெரிய ஆய்வுகள் 2014, 2015 ஆண்டுகளில் மறுபரிசோதனை செய்தன. ப்ராசஸ் ஆய்வில் 1,341 பேர், அரைஸ் ஆய்வில் 1,600 பேர், ப்ராமிஸ் ஆய்வில் 1,260 பேர். மூன்றிலும் இலக்கு வைத்த சிகிச்சைக்கும் மருத்துவர்கள் வழக்கமாகச் செய்யும் சிகிச்சைக்கும் இறப்பு விகிதத்தில் வேறுபாடு தென்படவில்லை. அரைஸ் ஆய்வில் 90 நாள் இறப்பு ஒரு பக்கம் 18.6 சதவீதம், மறுபக்கம் 18.8. ரிவர்ஸ் சொன்னது பொய் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. இடைப்பட்ட ஆண்டுகளில் வழக்கமான சிகிச்சையே அவர் காட்டிய வழியில் வேகம் பெற்றுவிட்டது. சீக்கிரம் கண்டுபிடிப்பதும் சீக்கிரம் ஆன்டிபயாடிக் கொடுப்பதும் எல்லா இடத்திலும் பழக்கமாகிவிட்டன.

[காட்சி: ஆப்பிரிக்க வரைபடம். உகாண்டா, கென்யா, தான்சானியா, பின்னர் ஜாம்பியா ஒளிர்கின்றன.]

இவற்றுக்கு முன்பே, 2011-இல், யாரும் எதிர்பாராத ஒரு முடிவு கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருந்தது. உகாண்டா, கென்யா, தான்சானியா ஆகிய மூன்று நாடுகளில், கடுமையான காய்ச்சலோடும் இரத்த ஓட்டக் குறைவின் அறிகுறிகளோடும் வந்த 3,141 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குச் சலைன் வேகமாக ஏற்றப்பட்டது, இன்னொரு குழுவுக்கு ஆல்புமின் என்ற இரத்தப் புரதத்தின் கரைசல் வேகமாக ஏற்றப்பட்டது, மூன்றாவது குழுவுக்கு வேகமாக எதுவும் ஏற்றாமல், அன்றாடத் தேவைக்கான திரவம் மட்டும் மெல்லச் செலுத்தப்பட்டது. ஃபீஸ்ட் எனப்படும் இந்த ஆய்வில், 48 மணி நேரத்துக்குள் இறந்த குழந்தைகள் ஆல்புமின் குழுவில் 10.6 சதவீதம், சலைன் குழுவில் 10.5 சதவீதம், வேகமாக எதுவும் ஏற்றாத குழுவில் 7.3 சதவீதம். அதாவது உயிர் காக்கும் என்று நம்பி அளித்த சிகிச்சை, ஏறக்குறைய நூறு குழந்தைகளில் மூவரின் உயிரைக் கூடுதலாக எடுத்துக்கொண்டது. கண்காணிப்புக் குழுவின் பரிந்துரைப்படி ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது. இந்த எண்களை எத்தனை முறை படித்தாலும் என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை.

நுரையீரலில் நீர் கோத்துத்தான் அந்தக் குழந்தைகள் இறந்திருப்பார்கள் என்று பலரும் நினைத்தார்கள். பின்னர் இறப்புகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தபோது, கூடுதல் இறப்புகளுக்கு முக்கியக் காரணமாகத் தெரிந்தது இரத்த ஓட்டம் தாமதமாக நிலைகுலைந்து போனதுதான். வேகமாக ஏற்றிய திரவம் முதலில் நிலைமையைச் சற்று மேம்படுத்தியது போலக் காட்டிவிட்டு, பின்னர் கைவிட்டிருக்கிறது. வயிற்றுப்போக்கால் நீரிழந்த குழந்தைகள் இந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை என்பதையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இழந்த நீரை ஈடுசெய்வது வேறு. தளர்ந்து கசியும் குழாய்களுக்குள் நீரைத் திணிப்பது வேறு. ஃபீஸ்ட் முடிவைக் காட்டி நீரிழப்புக்குத் திரவம் கொடுக்கத் தயங்குவது பெரும் பிழையாகும்.

பெரியவர்களிடமும் இதே போன்ற ஓர் எச்சரிக்கை 2017-இல் ஜாம்பியாவிலிருந்து வந்தது. செப்சிஸும் குறைந்த இரத்த அழுத்தமும் கொண்ட நோயாளிகளுக்கு விரைவாகத் திரவம் ஏற்றும் ஒழுங்குமுறையைப் பின்பற்றியபோது 48.1 சதவீதத்தினர் மருத்துவமனையில் இறந்தார்கள். வழக்கமான சிகிச்சையில் இறந்தவர்கள் 33 சதவீதம்.

[காட்சி: இரண்டு சலைன் பாட்டில்கள் அருகருகே. ஒன்றில் திரவம் நிறைய, மற்றதில் குறைவாக.]

அப்படியானால் திரவத்தைக் குறைத்துவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். அந்தக் கேள்வியையும் முறையாகச் சோதித்தார்கள். 2022-இல் வெளியான கிளாசிக் ஆய்வு ஐரோப்பாவின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 1,554 பேரிடம் நடந்தது. 90 நாள் இறப்பு, குறைவாகத் திரவம் பெற்றவர்களிடம் 42.3 சதவீதம், வழக்கமான அளவு பெற்றவர்களிடம் 42.1. 2023-இல் வெளியான க்ளோவர்ஸ் ஆய்வு அமெரிக்காவின் 60 மருத்துவமனைகளில் 1,563 பேரைச் சேர்த்தது. தொடக்கத்தில் 1 முதல் 3 லிட்டர் வரை எல்லோரும் பெற்ற பிறகு, ஒரு குழுவுக்குத் திரவத்தைக் குறைத்து நார்அட்ரினலின் போன்ற, இரத்த அழுத்தத்தை உயர்த்தும் மருந்தைச் சீக்கிரமே தொடங்கினார்கள். 24 மணி நேரத்தில் இரு குழுக்களும் பெற்ற திரவத்தின் இடைவெளி 2 லிட்டருக்கும் மேல். ஆனால் இறப்பு விகிதம் 14.0 சதவீதமும் 14.9 சதவீதமும்.

இரண்டு லிட்டர் கூடினாலும் குறைந்தாலும் முடிவு ஒன்றாக இருக்கிறதே, திரவத்தின் அளவுக்கு மதிப்பே இல்லையா? எனக்குத் தோன்றும் விடை இதுதான்: ஆயிரத்தைந்நூறு பேரின் சராசரிக்குள், கூடுதல் திரவத்தால் பிழைத்தவரும் இருக்கிறார், அதே திரவத்தால் மூச்சுத் திணறியவரும் இருக்கிறார், இருவரும் ஒருவரையொருவர் ஈடுசெய்து, எண்களிலிருந்து மறைந்துபோகிறார்கள். ஒரு கிலோ உடல் எடைக்கு 30 மில்லி லிட்டர் என்ற பழைய கணக்குப்படி, 60 கிலோ எடையுள்ள எல்லோருக்கும் முதல் 3 மணி நேரத்தில் 1.8 லிட்டர் தர வேண்டும். அவருடைய இதயம் அதைத் தாங்குமா என்று அந்தக் கணக்கு கேட்பதில்லை. அந்த அளவைக் கட்டாயப் பரிந்துரை என்ற நிலையிலிருந்து மென்மையான ஆலோசனை என்ற நிலைக்கு 2021-ஆம் ஆண்டின் பன்னாட்டு வழிகாட்டுதல் இறக்கியது. அதே வழிகாட்டுதல், விரல் நுனிச் சோதனையைத் துணையாகப் பயன்படுத்தலாம் என்றும் சொன்னது.

[காட்சி: மீண்டும் விரல் நுனி. ஓரத்தில் நொடிகள் ஓடுகின்றன.]

அந்தச் சோதனைக்குப் பின்னால் உள்ள உடலியல் எளிமையானது. இரத்தம் பற்றாக்குறையாகும்போது உடல் முதலில் கைவிடுவது தோலைத்தான். மூளைக்கும் இதயத்துக்கும் இரத்தத்தை ஒதுக்கிக் கொடுக்க, தோலின் குழாய்கள் இறுக்கிக்கொள்கின்றன. நிலைமை சீரடைந்தால், சில நிமிடங்களிலேயே அந்த இறுக்கம் தளர்ந்துவிடும். இதற்கு மாறாக, நெடுங்காலமாக இலக்காகக் கொள்ளப்பட்ட லாக்டேட், அதாவது திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது இரத்தத்தில் கூடும் ஒரு பொருளின் அளவு, மெல்லத்தான் இறங்கும். ஆக்சிஜன் பற்றாக்குறையால் மட்டுமின்றி, அட்ரினலின் தூண்டுதலாலும், கல்லீரல் அதை அகற்றத் தாமதிப்பதாலும் லாக்டேட் உயர்ந்தே நிற்கக்கூடும். நோயாளி தேறிக்கொண்டிருக்கும்போதே, லாக்டேட் இறங்கவில்லை என்பதற்காக இன்னொரு பாட்டிலைத் தொங்கவிடும் தவறு அங்கேதான் நேர்கிறது.

2019-இல் வெளியான ஆண்ட்ரோமெடா ஷாக் ஆய்வு இவ்விரண்டையும் நேருக்கு நேர் வைத்தது. அர்ஜென்டினா, சிலி, கொலம்பியா, ஈக்வடார், உருகுவே ஆகிய 5 நாடுகளின் 28 மருத்துவமனைகளில் 424 பேர். ஒரு குழுவில் விரல் நுனியின் நிறம் 3 நொடிக்குள் திரும்புவது இலக்கு, மற்றதில் லாக்டேட் இறங்குவது இலக்கு. 28 நாள் இறப்பு விரல் நுனிக் குழுவில் 34.9 சதவீதம், லாக்டேட் குழுவில் 43.4. இடைவெளி பெரிதாகத் தோன்றினாலும், உண்மையில் வேறுபாடே இல்லை என்று வைத்துக்கொண்டாலும்கூட இத்தகைய இடைவெளி தற்செயலாக அமைய 100-க்கு 6 வாய்ப்பு இருந்தது. மரபான எல்லை 5. ஆகவே ஆய்வாளர்கள் அதை வெற்றி என்று அறிவிக்கவில்லை.

தொடர்ச்சியாக வந்த ஆண்ட்ரோமெடா ஷாக் 2, 19 நாடுகளில் 1,467 பேருடன் 2025-இல் வெளியானது. இந்த முறை விரல் நுனி வெறும் இலக்காக மட்டும் இல்லை, அடுத்து என்ன செய்வது என்ற முடிவுக்கு வழியும் காட்டியது. நிறம் திரும்பத் தாமதமானால், முதலில் மேல் அழுத்தத்துக்கும் கீழ் அழுத்தத்துக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தார்கள். அது 40-க்குக் குறைவாக இருந்தால் இதயம் குறைவாகவே இரத்தத்தை வெளித்தள்ளுகிறது என்று கொண்டு, திரவம் பயன் தருமா என்று சோதித்தார்கள். இடைவெளி போதுமானதாக இருந்து, கீழ் அழுத்தம் 50-க்குக் கீழே கிடந்தால், திரவத்தைத் தொடாமல் நார்அட்ரினலின் அளவைக் கூட்டினார்கள். நிறம் சரியாகத் திரும்பியவருக்குக் கூடுதலாக எதுவும் செய்யவில்லை.

[காட்சி: படுத்திருக்கும் நோயாளியின் கால்கள் கட்டிலோடு சேர்த்து 45 பாகை உயர்த்தப்படுகின்றன.]

திரவம் பயன் தருமா என்று சோதிக்கும் வழிகளில் ஒன்று இது. கால்களை உயர்த்தும்போது, அங்கே தங்கியிருக்கும் சுமார் 300 மில்லி லிட்டர் இரத்தம் இதயத்தை நோக்கி வருகிறது. இதயம் அதை வாங்கிக்கொண்டு கூடுதலாக வெளித்தள்ளினால், சலைனும் பயன் தரும் வாய்ப்பு உண்டு. தள்ளாவிட்டால் கால்களைக் கீழே இறக்கினால் போதும். ஏற்றிய சலைனை அப்படித் திரும்ப எடுக்க முடியாது. இந்த எளிய உத்தியை நான் மிகவும் மதிக்கிறேன்.

முடிவு என்ன? இறப்பு விகிதம் விரல் நுனிக் குழுவிலும் வழக்கமான சிகிச்சை பெற்ற குழுவிலும் கிட்டத்தட்ட ஒன்றே: 26.5 சதவீதமும் 26.6 சதவீதமும். ஆனால் ஆய்வின் முதன்மை அளவுகோல் இறப்பு, உறுப்புகளுக்குக் கருவியாலும் மருந்தாலும் துணை தர வேண்டியிருந்த நாட்கள், மருத்துவமனையில் தங்கிய நாட்கள் ஆகிய மூன்றையும் இந்த வரிசையிலேயே ஒப்பிட்டது. ஒரு குழுவின் நோயாளியை மற்றக் குழுவின் நோயாளியோடு இணை இணையாக ஒப்பிட்டு வெற்றிகளை எண்ணியபோது, விரல் நுனிக் குழு 1.16 என்ற விகிதத்தில் முன்னின்றது. 95 சதவீத நம்பக எல்லை, அதாவது உண்மையான விகிதம் அமைந்திருக்கக்கூடிய வரம்பு, 1.02 முதல் 1.33 வரை. உயிர்களைக் கூடுதலாகக் காத்தது என்று இதைச் சொல்வது மிகை. துணைக் கருவிகளிலிருந்தும் மருந்துகளிலிருந்தும் நோயாளியைச் சற்று முன்னதாக விடுவித்தது என்று சொல்வதே நேர்மை.

சோதனைக்கும் குறைகள் உண்டு. குளிர்ந்த அறை, மங்கிய வெளிச்சம், கருமையான தோல், ஒவ்வொருவரும் அழுத்தும் விதம் எல்லாமே நொடிக் கணக்கை மாற்றும். கண்ணாடி ஸ்லைடு, 10 நொடி, கடிகாரம் என்று ஆய்வு இவ்வளவு கண்டிப்பாக வரையறுத்ததற்குக் காரணமும் அதுவே. வீட்டில் ஒருவர் காய்ச்சலோடு குழம்பிப் பேசினாலோ, வேகமாக மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, விரலை அழுத்திப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இந்தச் சோதனை, சிகிச்சை தொடங்கிவிட்ட நோயாளியின் படுக்கையருகே, அடுத்த பாட்டிலைத் தொங்கவிடுவதற்கு முந்தைய நிமிடத்தில் செய்யப்பட வேண்டியது.

[காட்சி: ஸ்லைடு விலகுகிறது. வெளுத்த விரல் நுனி இரண்டாவது நொடியில் சிவக்கிறது. செவிலியர் சலைன் குழாயின் உருளையைக் கீழே தள்ளிச் சொட்டை நிறுத்துகிறார்.]